காலைத் தாண்டிய பிறகு

அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிறு, மாலை ஐந்தரை மணி. பேருந்து சின்னசேலத்தில் நின்றிருந்தது. என் முன்னிருக்கையில், சேலத்தில் ஜியு-ஜிட்சு என்னும் தரை மல்யுத்தப் போட்டி முடித்துத் திரும்பும் இரு பெண்கள். மூத்தவள் சத்தமாகவே கேட்டாள்:

"கால் பட்டுச்சுன்னு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற எடமாடி அது? கோயில்னு நெனச்சிக்கினியா?"

மூத்தவளே தொடர்ந்தாள்:

"கடைசி ஆட்டத்துல அந்தப் பொண்ணு மல்லாந்து படுத்துக்கினு காலால உன் இடுப்புக்குப் பூட்டு போட்டிருந்தா. பூட்ட ஒடச்சிட்ட, காலையும் தாண்டிட்ட. அப்படியே அமுக்கியிருந்தா ஜெயிச்சிருப்ப. நீ கைய எடுத்த, அவ உன்னப் பொரட்டிட்டா."

"என் கால் அவ தலைல பட்டுச்சுக்கா."

"காலைல அந்தத் தருமபுரிக்காரி மூஞ்சிலயே உன் முட்டி பட்டுச்சு. அவளத் தொட்டுக் கும்பிட்டியா இன்னா?"

"இல்ல." அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இவ எங்க ஊருக்கா. எங்கம்மா அவங்க நெலத்துலதான் நடவுக்குப் போவுது. கை தானா போயிடுச்சு."



மறுநாள் காலை எங்கள் வயலில், களையெடுக்க வந்த பெண் எனக்கு வழிவிட வரப்பிலிருந்து இறங்கப் போனார். அவருக்கு முன்பே நான் சேற்றில் இறங்கினேன்.