புரட்டாசிக் கவாத்து

திராட்சைக் கொடிக்குத் தண்ணீரைவிட வெயில்தான் முக்கியம், அய்யா. சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. குடம் குடமாக ஊற்றி வேரை அழுகவைத்துவிட்டு, நம்ம பக்கத்து மண்ணுக்குத் திராட்சை வராது என்று மண்ணின் மேல் பழி போடுகிறார்கள். மண் பாவம், வாயில்லாதது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எழுதுகிற ஏட்டய்யாவுக்குக் கை வலிக்காதபடி நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் ராஜாங்கம். வயது அறுபத்தெட்டு. தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே, தார்ரோட்டை ஒட்டி வீடு. மனைவி போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. எண்பத்து மூன்றில் கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சைக் குச்சி ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டார். கொடுத்தேன். கிணற்றடியில் குழி வெட்டி, மட்கிய ஆட்டு எரு போட்டு நட்டேன். ஒரே வருஷத்தில் பந்தல் ஏறிவிட்டது. ஒவ்வோர் இலையும் முறம் அகலம். மழை வந்தால் ஓர் இலையடியில் கோழியும் ஏழு குஞ்சுகளும் ஒதுங்கும். எட்டாவது குஞ்சுக்கு இடம் பற்றாமல் சண்டையும் நடக்கும். காய் மட்டும் இல்லை. நாலு வருஷத்தில் ஒரு குலை இல்லை.

செய்ய வேண்டியதில் நான் ஒன்றையும் குறைவைக்கவில்லை. மழையெல்லாம் ஓய்ந்து மார்கழியில்தான் பழைய குச்சிகளை வெட்டிக் கவாத்துச் செய்வேன். அதற்கு முன்னால் வெட்டினால் இளந்துளிர் மழையில் மாட்டிக்கொண்டு கருகிப்போகும். துளிர் விட்டதும், இலைநோய் மருந்துக்காக மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனி மண்பானையில் கரைத்து ஒன்றாகச் சேர்ப்பேன். பளபளவென்று தேய்த்த கத்தியை அதில் முக்கிப் பார்ப்பேன். கத்தியில் செம்பு ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இவ்வளவு பக்குவம் பார்த்துத் தெளித்தும் இலையெல்லாம் சாம்பல் பூத்துவிடும். ஒருநாள் விவசாய ஆபீசர் வந்தார். கொடியைப் பார்க்கவே இல்லை, அண்ணாந்து பார்த்தார்.

“பெரியவரே, மேல மரம் குடை பிடிச்சிக்கினு இருக்கு. இந்த நெழல்ல, இந்தப் புழுக்கத்துல எப்படிங்க காய்க்கும்?”

ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரம் அது. சர்க்கார் மரம். அதன் அடியில்தான் பக்கத்து வீட்டுக் காசிநாதனின் டீக்கடை. நான் மரத்தைக் கேட்கவில்லை, ஒரே ஒரு கிளையைத்தான் வெட்டச் சொன்னேன்.

“கிளைய வெட்டினா பெஞ்சு மேல வெயிலு வுழும் அண்ணே. வெயில்ல எவன் வந்து குந்துவான்? நீங்க பேசாம கடையில குந்துங்க, கள்ளக்குறிச்சியில திராட்சை வாங்கியாந்து நானே ஊட்டி வுடறேன்” என்றான்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காசிநாதன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் நாள், எங்கள் ஊரில் மறியலை நடத்தின அய்யனார் பத்துப் பையன்களோடு வந்து, “பெரியவரே, ரம்பம் இருக்குதா?” என்றான். இருந்தது, கொடுத்தேன். எந்த மரம் வாகாக ரோட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் காட்டினேன். பாதி அறுத்திருப்பார்கள், காசிநாதன் ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டான்.

“டேய் அய்யனாரு, எனக்கும் சேத்துதானே கேக்கறீங்க? என் பொழப்ப அறுத்துட்டு, நாளைக்கு எனக்கு இன்னாத்தடா குடுப்பீங்க?”

அய்யனார் பையன்கள் பக்கம் திரும்பினான். “உடுங்கடா, வேற பாத்துக்கலாம்” என்று ரம்பத்தை உருவிக்கொண்டான். மேற்கே ஒரு மைலில் பாலம் இருக்கிறது. அங்கே வேறு மரங்களையும் கல்லையும் போட்டு அடைத்தார்கள். சாயங்காலம் ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், “நோயாளி, பிரசவம்னா வுட்டுடுவோம் பெரியவரே. ஓரத்துல டிராக்டர் போற அளவு எடம் இருக்குது. ஒரு டிரம்ம உருட்டினா போதும். யாராச்சும் கேட்டா சொல்லுங்க” என்றான். பொறுப்பான பையன்.

அன்றிலிருந்து காசிநாதன் மரத்தை விட்டு நகரவில்லை. சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் அங்கேயே. ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில் அடுப்புக்கு விறகு எடுக்கக் கையை விட்டவனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அந்தப் பாம்பைப் பற்றிப் போன தடவையே என்னைக் குடைந்து குடைந்து கேட்டீர்கள். எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, அய்யா. அது தானாக வந்தது.

அவன் மகன் தங்கமணி டிராக்டரை எடுத்தான். பின்பெட்டியில் காசிநாதன், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி ராஜாம்பாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக மேற்கே திரும்பப் போனவன் என்னைப் பார்த்து நிறுத்தினான்.

“பெரியப்பா, பாலத்துல வுடுவாங்களா?”

“வுட மாட்டாங்கப்பா. நேத்து ஒரு கார திருப்பி அனுப்பிட்டாங்க. கிழக்கால போயி ஏரிக்கரை மேல சுத்திக்கினு போயிடு.”

பேச்சு வந்த நாளிலிருந்து என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை. ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், கணக்கு சுலபம். மிச்ச மரத்தை ஒற்றை ஆளாக அறுக்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அவர்கள் பாலத்துக்குப் போயிருந்தால் அய்யனார் உடனே இரண்டு பையன்களைக் கடைக்குக் காவல் அனுப்புவான். பொறுப்பான பையன் என்றேனே. மறுநாளோடு மறியலும் முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு மரம் விழுந்தால், வெட்டியது யார் என்று ஊரில் கேட்பார்கள்.

அறுத்தேன். இரண்டு பேர் இழுக்கிற ரம்பம். மறுமுனைப் பிடி ஆளில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தது. மரம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்தது. நான் கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவினேன். பந்தல் மேல் நாலு வருஷத்தில் இல்லாத வெயில்.

ஏரிக்கரை சேறாகிக் கிடந்திருக்கிறது. டிராக்டர் புதைந்து, மீட்டு, திரும்பி வந்துவிட்டார்கள். பாலத்தில் காலில் விழுந்தாவது கேட்கலாம் என்று வந்திருக்கிறார்கள். மரம் மறித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் பள்ளத்தில் மழைத் தண்ணீர். தங்கமணி பாலத்துக்கு ஓடினான். அய்யனாரும் பையன்களும் கட்டிலோடு ஓடிவந்து, காசிநாதனை மரத்துக்கு மேலாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியைப் பார்த்து ஓடினார்கள். நானும் கொஞ்ச தூரம் ஓடினேன். பாலம் தாண்டும்போது தண்ணீர் கேட்டானாம். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லையாம்.

மரத்தை வெட்டி உயிரைப் பறித்ததாக அய்யனார் மேல் வழக்கு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது என்னை யாரும் கேட்கவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ராஜாம்பாளே இலை போட்டாள். போட்டவள் என் உள்ளங்கையைப் பார்த்து நின்றாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்துகொண்டிருந்தது.

“கையில இன்னாங்க மாமா?”

“கவாத்து பண்ணேன்மா. கத்திரி பிடிச்சது.”

“புரட்டாசியிலயா?”

அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த இலைக்குப் போய்விட்டாள். நாலு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே, மழைக்கு முன்னால் கவாத்து ஆகாது என்று நான் பாடம் நடத்தியதையெல்லாம் கேட்டவள். ஊரில் வேறு யாரிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் செல்லுபடி ஆகியிருக்கும். மறுநாளிலிருந்து பேச்சு நின்றது. தினம் காலையில் வேலியோரம் வந்து, துளிர்கூட வெட்டாத என் கொடியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மார்கழியில் நான் நிஜமாகவே கவாத்துச் செய்த அன்றைக்கும் நின்றாள்.

சித்திரையில் நாற்பத்து மூன்று குலை. முதல் குலையை அவளுக்குத்தான் கொடுத்தனுப்பினேன். அதைத்தான் மனுவோடு சேர்த்து உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நீங்கள் ஒரு பழமாவது வாயில் போட்டுப் பார்த்திருக்கலாம். இப்போது ஊரில், மறியல் புண்ணியத்தில்தான் ராஜாங்கம் கொடி காய்த்தது என்று பேசிக்கொள்கிறார்களாம். என் உழைப்பு அது. அதனால்தான் சொல்லிவிடலாம் என்று வந்தேன். அய்யனாருக்காக வந்தேன் என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

டிராக்டர் திரும்பி வருகிற சத்தம் காதில் விழவில்லையா என்று கேட்டீர்கள். விழுந்தது. கிழக்கு வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, தங்கமணி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தான். மரத்தில் அறுக்க இன்னும் நாலு விரற்கடை பாக்கி. கையை நிறுத்தியிருந்தால் மரம் நின்றிருக்கும், அவர்களும் கடந்து போயிருப்பார்கள். தெரிந்துதான் இழுத்தேன். ஆனால் முக்கால்வாசி அறுத்த மரத்தை ரோட்டோரம் அப்படியே விடலாமா, அய்யா? போகிற வருகிறவர்கள் யார் தலையிலாவது விழுந்து ஓர் உயிர் போயிருந்தால், அந்தப் பாவத்தை யார் சுமப்பது?