ஆள் காட்டினவன்

இல்லீங்க சாமி, நான் நின்னுக்கிட்டே சொல்றனுங்க. நாற்காலியில உக்காந்து பழக்கமில்லீங்க, உக்காந்தா நாக்கு எழாது. ஆமாங்க, தலையாரிதானுங்க. எங்கப்பனும் தலையாரி, அவரு அப்பனும் தலையாரி. பதினெட்டு வருசமா இந்தத் தடியப் புடிச்சுக்கிட்டுத் திரியறேன்.

அன்னைக்கு ஓட்டுச்சாவடியில ஆள் காட்டினது நாந்தானுங்க. அதுல ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்துலதான் நடந்துது. மணியக்காரரு பெஞ்சுல உக்காந்திருந்தாரு, நான் கதவோரம் நின்னேன். சேலத்துல இருந்து வந்த ஆபீசரு புஸ்தகத்தப் பாத்து நம்பரும் பேரும் படிப்பாரு. ஆளு முன்னால வரும். அவரு என்னயப் பாப்பாரு, நான் ஆமாங்கம்பேன், சீட்டக் குடுப்பாரு. அவ்வளவுதானுங்க என்ற சோலி. எங்கூரு ஆளுக மொகம் அவருக்குத் தெரியாதில்லீங்களா.

எனக்கா? எனக்கு ஏதுங்க ஓட்டு. நெலமிருக்கோணும், இல்லாட்டி வரி கட்டோணும், அதுவுமில்லாட்டி எழுதப் படிக்கத் தெரியோணும். மூணுல ஒண்ணும் எங்கிட்ட இல்ல. ஓட்டு இருக்கறவன் யாருன்னு காட்டறது மட்டுந்தான் நானு. பாருங்க, நீங்களே சிரிக்கறீங்க.

கூட்டமா? மாரியம்மன் நோம்பிக்குக்கூட அத்தன சனம் வராதுங்க. பத்தூரு நெலத்துக்குச் சொந்தக்காரரு மிட்டாதாரு எலக்சன்ல நிக்கறாருன்னா சும்மாவா? ரெண்டு மோட்டாரு உட்டிருந்தாரு. பாதிச் சனம் ஓட்டுக்கு வரல, மோட்டாருல ஏறத்தான் வந்துது. சின்னண்ணன்னு ஒருத்தன், பள்ளிக்கூடத்துக்கு எதுத்த ஊடு. அவன் ஒரு மைல் அக்கட்டால நடந்து போயி, மோட்டாருல ஏறி வந்து, அவன் ஊட்டு வாசல்லயே எறங்கினான். எறங்கி, ஓட்டுச்சாவடி எங்கன்னு எங்கிட்டக் கேக்கறான்.

பொம்பளைகளும் ஏழெட்டுப் பேரு வந்தாங்க. ராமாத்தாள்னு ஒரு அம்மா. ஊட்டுக்காரரு பேரு என்னம்மான்னாரு ஆபீசரு. வாயே தொறக்கல. கட்டுனவன் பேர எங்கூருல எந்தப் பொம்பளைங்க சொல்லும்? அவரு மறுக்கா மறுக்காக் கேட்டாரு. அந்தம்மா என்னயக் கையக் காட்டி, தலையாரியக் கேளுங்க, அவனுக்கென்ன கேடு, அவன் சொல்லுவான்னுச்சு. சொன்னேன். பொறவு வந்த பொம்பளைக அத்தன பேருக்கும் நாந்தான் ஊட்டுக்காரரு பேரு சொன்னேன். யோவ், ஊரு மொத்தமும் உன் வாயிலதான்யா இருக்குன்னாரு ஆபீசரு. எனக்குப் பெருமையாத்தானுங்க இருந்துது. அதுக்கப்பறம் அவரு நிமுந்துகூடப் பாக்கல. என்ற வாயி ஆமாங்கன்னா அவரு கையி சீட்டக் கிழிக்கும்.

சரிங்க, வாரேன். அந்த நூத்திப் பதினேழுக்கே வாரனுங்க.

பொழுது எறங்கற நேரம். சனமெல்லாம் காங்கிரசு மஞ்சப் பொட்டியிலதான் போடுதுன்னு பேச்சு கெளம்பிருச்சு. மிட்டாதாரு ஆளுக வந்து மணியக்காரர வெளிய கூப்பிட்டுக் காதோட ஏதோ சொன்னாங்க. அவரு திரும்பி வந்து உக்காந்தாரு. அதுக்கப்பறம் வந்தவங்கள்ல நாலஞ்சு பேரு எனக்கு மொகம் தெரியாத ஆளுக. ஆமாங்க, எழுதிக்குங்க. மொத ஆளு வந்தப்ப நான் மணியக்காரரப் பாத்தேன். அவரு வெத்தலைக்குக் காம்பு கிள்ளிக்கிட்டிருந்தாரு. என்னயப் பாக்கவே இல்ல. கண்ணக் காட்டி மெரட்டியிருந்தா, மாட்டேன்னு சொல்லியிருப்பனோ என்னமோ. பாக்காத மனுசன்கிட்ட என்னத்த மாட்டேங்கறது? ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன். அந்தப் பேருக்காரங்கெல்லாம் குமாரபாளையம் பக்கம் தறிக்குப் போனவிய. இல்லாதவன் ஓட்ட இன்னொருத்தன் போட்டா யாருக்கு என்ன நட்டம்னு நெனச்சுக்கிட்டேன். முப்பத்தோரு ஓட்டுலதான் மிட்டாதாரு செயிச்சாருன்னு பின்னாலதானுங்க தெரியும். காங்கிரசுக்காரங்க பிராது போடுவாங்கன்னோ, நீங்க கோர்ட்டுல வெச்சு இப்பிடிக் கேப்பீங்கன்னோ நான் என்னத்தக் கண்டேன்.

அப்பறம் ஆபீசரு படிச்சாரு. நூத்திப் பதினேழு, நாச்சிமுத்து.

தண்ணி கொஞ்சம் குடிச்சுக்கறனுங்க.

ஒரு பையன் வந்து நின்னான். இருபத்திமூணு வயசிருக்கும். சலவ வேட்டி. தகப்பன் பேரு கேட்டதுக்குத் தடங்கலில்லாமச் சொன்னான், நல்லாப் பழக்கி உட்டிருந்தாங்க. இவன்தானான்னாரு ஆபீசரு. ஆமாங்கன்னேன். போயி மிட்டாதாரு செவப்புப் பொட்டியில போட்டுட்டான்.

அவன்தானா இல்லையான்னு ஒரே சொல்லுல சொல்லுன்னா எப்பிடிங்க? நாச்சிமுத்து நாலாங்கிளாசு படிச்சவன். படிப்பாலதான் அவனுக்கு ஓட்டே வந்துது. கையெழுத்து முத்துக் கோத்து வெச்ச மாதிரி இருக்கும். காங்கிரசுக்காரங்களோட சுத்துவான். அவன் வந்து போட்டிருந்தா செவப்புப் பொட்டிப் பக்கமே திரும்பியிருக்க மாட்டான். போன ஆடியில காவேரியில வெள்ளம் போச்சில்லீங்களா, அப்ப ஒரு பரிசல் கவுந்துது. அதுல போயிட்டான். ஆளு கெடைக்கல. ஒம்பது நாளு கரையோரமாவே நடந்து தேடினோம்.

ஆமாங்க. ஓட்டுக்கு ஆறு மாசம் முந்தியே. அவன் பேரு அதுக்கும் முந்தியே புஸ்தகத்துல ஏறியிருச்சு. செத்தப்பறமும் பேர அடிக்கலீங்க. ஊருல சாவு விழுந்தா நான் போயிச் சொல்லோணும், மணியக்காரரு எழுதோணும். போயிச் சொன்னேன். ஒடம்பக் காணாம எப்பிடிடா சாவுன்னு எழுதறதுன்னாரு. பொறவு எழுதிக்கலாம்னாரு. அதோட சரி.

தெரிஞ்சுதானுங்க சொன்னேன். செத்தவன் பேருல வந்தவன்னு தெரிஞ்சுதான் ஆமாங்கன்னேன்.

இங்கீங்களா கைநாட்டு வெக்கோணும்? வெக்கறேன். பேரா? சென்னிமலைன்னு போட்டுக்குங்க.

ஆமாங்க. புஸ்தகத்துல அவனுக்குத் தகப்பன் பேருன்னு போட்டிருக்கறது நாந்தானுங்க.

ஆபீசருக்கும் தெரியும். காலையிலயே என்ற பேரக் கேட்டு எழுதிக்கிட்டாரே. அந்தப் பையன் சென்னிமலைன்னு சொன்னதும் அவரு எழுதறத நிறுத்திப்போட்டு நிமுந்தாரு. உன் மகனாய்யா, உன்னாட்டமே இருக்கானேன்னாரு. மகன்தானுங்கன்னேன். வந்தவன் போறப்ப, வாரனுங்கப்பான்னு என்னயப் பாத்துச் சொல்லிட்டுப் போனான். அதையும் பழக்கித்தான் உட்டாங்களா, அவனாச் சொன்னானான்னு இன்னும் தெரியல.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சனுங்க. வெளிய வரிசையில நின்ன பொம்பளைக, ஆள் மொகத்தச் செரியாப் பாக்காம, காதுல உழுந்தத எங்கூட்டுல போயிச் சொல்லிப்போட்டாங்க. ஏனக்கா, உன்ற மகன் வந்து ஓட்டுப் போட்டானாமே, அவங்கப்பனே ஆபீசர்கிட்டச் சொன்னாராமேன்னு. கந்தம்மாளுங்க, என்ற ஊட்டுக்காரி. அதுக்குள்ள அழுது ஓஞ்சு, ரெண்டு வாய் சோறு திங்க ஆரம்பிச்சிருந்தா. நான் போயி, அவனில்ல புள்ள, மணியக்காரருக்குப் பயந்துக்கிட்டுச் சொன்னேன்னேன். பதினெட்டு வருசமா சர்க்காரு ஆபீசர்கிட்ட ஒரு பொய் சொல்லாத மனுசன், பெத்தவகிட்டத்தான் பொய் சொல்றீங்களாங்கறா.

அவ அப்பிடி நெனக்கறதுக்கும் காரணம் இருக்குதுங்க. அவன் போன அன்னைக்கு எனக்கும் அவனுக்கும் சண்ட. கதர்த்துண்டப் போட்டுக்கிட்டு இந்த ஊட்டுக்குள்ள வராதடா, என்ற வேலைக்கே நீ உல வெச்சுருவ போலன்னு கத்தினேன். அதையே புடிச்சுக்கிட்டா. ஆத்தோட போகல, உங்க மேல இருக்கற கோவத்துல எங்கியோ இருக்கறான், ஓட்டுக்கு மட்டும் வந்துட்டுப் போயிட்டாங்கறா. மோட்டாரு சத்தம் கேட்டாப் போதும், வாசலுக்கு வந்துருவா.

இதுக்கு மேல நீங்க சம்மன் அனுப்பிச்சுட்டீங்க. எனக்கு வந்தது சரிங்க. அவன் பேருக்கும் ஒண்ணு வந்துது. எங்கூருல சம்மனக் கொண்டுபோயிக் குடுக்கறவனும் நாந்தானுங்களே. என்ற ஊட்டுக்கு நானே கொண்டுபோனேன். வேண்டாம்னு மடியில சொருகி வெச்சேன், பாத்துப்போட்டா. செத்தவனுக்கு சர்க்காரு காயிதம் போடுமாங்கறா.

நேத்து மணியக்காரரு கூப்பிட்டு உட்டாரு. இப்பத்தான் கண்ணப் பாத்துப் பேசினாரு. வந்தவன் என்ற மகன்தான், இப்ப எங்கிருக்கான்னு தெரியாதுன்னு சொல்லிப்போடு, மாத்திச் சொன்னா வேலயும் போயிரும், ஜெயிலுக்கும் போகோணும்னாரு. போகட்டுங்க. நீங்க நல்லாப் பெரிசா எழுதுங்க. வந்தவன் என்ற மகனில்ல. என்ற மகன் நாச்சிமுத்து ஆடியிலயே செத்துப்போயிட்டான். எழுதி, சர்க்காரு முத்திர போட்டு, எங்கிட்ட ஒண்ணு குடுங்க. நான் சொன்னா அவ நம்ப மாட்டா. ஆபீசர்கிட்டச் சொன்னதுதான் அவளுக்கு நெசம். யாரையாச்சும் உட்டுப் படிச்சுக் காட்டோணும்.

குடுக்க முடியாதுங்களா?

தீர்ப்பு ஆகோணுங்களா? எத்தன மாசமாகும்? ஓ. சரிங்க.

இல்லீங்க, உங்களக் கொற சொல்லல. சட்டம் அப்பிடி இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க.

ஒண்ணே ஒண்ணுங்க சாமி. அடுத்தாப்பல அவன் சம்மனுங்களா? அவன் பேர வெளிய கூப்பிட வேண்டாம்னு அந்தச் சேவகர்கிட்டச் சொல்லுங்க. அவளும் வந்திருக்கா. எனக்கு முந்தியே கெளம்பிட்டா. அந்தாப் பாருங்க, வேப்ப மரத்தடியில, மடியில போசிய வெச்சுக்கிட்டு. அதுல கம்மஞ்சோறு. எங்கிருந்து வாரானோ, பசியோட வருவானில்லங்கறா.

மூணு தடவ கூப்பிட்டு, வரலன்னு எழுதித்தான் ஆகோணுங்களா?

அய்யோ, கூப்பிடறாருங்களே.

சாமி, எந்திரிச்சுட்டாளுங்க.