ஈப்போவில் பார்த்த வீடு

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலசிலாங்கூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான புருஷன் பெண்டாட்டி. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. அவர்கள்தான் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரிப் பேசினார்கள்.

“நாம குடி போறதுக்கு ஈப்போவில மகன் சொன்ன வீட்டைப் பார்த்துட்டு வாங்கன்னா, எழவு வீட்ல உக்காந்துட்டு வந்திருக்கீங்க,” என்றது அந்த அம்மா.

“வீடு எங்கயும் வீடுதான்லா. கடைசி காலத்துல போற ஊரு. அங்க செத்தா எத்தன பேரு வர்றான்னு பார்க்க வேணாமா?”

“செத்தது யாரு?”

“யாருக்குத் தெரியும்? கூடாரம் போட்டிருந்துச்சி, நாற்காலி காலியா இருந்துச்சி, உக்காந்தேன். கோப்பி குடுத்தாங்க.”

“கூட்டம் வந்துச்சா?”

“வந்துச்சி. எல்லாரும் பொணத்தைப் பார்த்துட்டு பத்தே நிமிசத்துல காரேறிட்டான். பெட்டியை வேனுக்குத் தூக்க மூணு பேருதான். நாலாவது ஆளா என்னைக் கூப்பிட்டாங்க.”

“இந்த இடுப்பு வலியோட தூக்கினீங்களா?”

“தூக்காம? கோப்பி குடிச்சிட்டேனே.”

அந்த அம்மா வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தபடியே சொன்னது:

“அங்க நான் முன்ன செத்தா நீங்க தூக்குவீங்க. நீங்க முன்ன போயிட்டா, நான் ரோட்டுல போறவனை நிறுத்திக் கூப்பிடணுமா? நான் வரல. மகன்கிட்ட சொல்லிடுங்க.”

பெரியவர் அப்போதே மகனுக்குப் போன் போட்டார்.

“ஐயா, ஈப்போ வேணாம்யா. அம்மா வரமாட்டேங்குது. என்னது, வீடா? வீட்டை எங்கய்யா பார்த்தேன்? பொணத்தைத் தூக்கவே நேரம் சரியா இருந்துச்சி.”