ஊழல் ஒழிப்பு வாரம்

எனக்குச் சர்க்கரை இருப்பதால் டீயில் சீனி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். டீனா முன்பே சொல்லி வைத்திருக்கிறாள். இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் ஒரு செயலாளரின் லட்சணம் தெரியும். அவளைச் செயலாளர் ஆக்கியது நான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தோழர்களே, சுயவிமர்சனம் நமக்குப் புதிதல்ல. தங்கச் சுரங்கம் மூடிய பிறகு செங்கொடியை மடித்து வைத்தோம். நாம் குடியிருக்கும் சுரங்க லைன் வீடுகளின் பெயரில் தொழிற்சங்கம் ‘லைன் மக்கள் முன்னணி’ ஆயிற்று. எத்தனையோ மாறியும் இந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை. தப்பு செய்தவன் தானே எழுந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் சபை ஏற்றுக்கொள்ளும். சொன்னது இந்த நாலு சுவரைத் தாண்டாது. முன்னணித் தலைவர் ராஜேந்திரனாகிய நான் இன்று அந்த முறைப்படி பேசுகிறேன். எழுந்து நிற்கத்தான் முடியவில்லை, முட்டி வலி.

வாலிபத்தில் சங்கம் என்னை மாஸ்கோவுக்கு அனுப்பியது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நான் திரும்பி வந்த சில வருடங்களில் அந்த நாடே இல்லாமல் போயிற்று. நம் ஊரிகத்தில் வயதான தோழர்கள் துக்கம் காத்தார்கள். நான் அழவில்லை, அடுத்து யார் மேலே வருகிறான் என்று செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியை இறக்கிவிட்டு வளர்ந்த நாடும் சரி, கொடியை இறக்காமலே கடை திறந்து வளர்ந்த நாடும் சரி, தலைவனாக வந்தவன் முதலில் கையில் எடுத்தது ஊழல் ஒழிப்பைத்தான். துடைப்பம் எவன் கையில் இருக்கிறதோ அவன் வீட்டுக் குப்பையை யாரும் பார்ப்பதில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நிர்வாகம் என்றால் அப்படித்தான்.

இவான் விஷயத்துக்கு வருகிறேன்.

கருவாட்டுக் குழம்பும் களியும் தின்று வளர்ந்த நந்திதுர்க் லைன் பையனுக்கு இவான் என்று பெயர் வைத்தார் அவன் அப்பா. செங்கொடிக் காலத்து மனிதர். ஒரு வேலைநிறுத்தத்தில் கமிட்டி செய்த தப்பை அவர் கேட் மீட்டிங்கில் தன் தலைமேல் போட்டுக்கொண்டு பேசினார். தொழிலாளிகள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு லைன் லைனாகச் சுற்றி வந்தார்கள். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே இவான் வளர்ந்தான். அது அவனுக்கு நல்லதாக அமையவில்லை.

டீனாவுக்கு முன் அவன்தான் நம் செயலாளர். யோக்கியன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யோக்கியன் என்பதால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன்.

தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேட்டைச் சுற்றி வேலி போட வைத்து, கேட்டைப் பூட்டி, சாவியை நம் கையில் வைத்திருந்தோம். அந்த மண்ணைத் தோண்டினால் கோடைக்காற்றில் லைன் பிள்ளைகளின் மூச்சில்தான் போய் இறங்கும் என்று போராடிப் பூட்டிய பூட்டு. அந்தச் சாவியை நான் காண்ட்ராக்டருக்கு அவர் லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்பினேன். மண்ணில் இன்னும் தங்கம் மிச்சம் இருக்கிறது, அவருக்கு அது வேண்டும். எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். என் மகள் மருத்துவம் படிக்கிறாள். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

லாரிகள் ஓடின. பிள்ளைகள் இருமின. சாவியைக் கொடுத்தது யார் என்று ஜனங்கள் கேட்டார்கள். நகரசபைத் தேர்தல் பக்கத்தில் வந்துவிட்டது. லைன் வீடுகளுக்குப் பட்டா வாங்கித் தருவதாக நாம் வாக்குக் கொடுத்திருந்த நேரம். இவானை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

“நீ சொல்ட்டா உள்ளயே முடிஞ்சிடும்டா. கவனக்கொறவா சாவிய உட்டுட்டேன்னு ஒரு வார்த்த. நான் சொன்னா முன்னணியே முடிஞ்சிடும். அப்புறம் பட்டா எங்க, வீடு எங்க?”

“அப்போ சாவிய யாருதான் குடுத்தாங்கண்ணா?”

“அத நோண்டறதுக்கு இதுவாடா நேரம்? உங்கப்பா இருந்தா இன்னா பண்ணியிருப்பாரு?”

“செரிண்ணா. ஜனங்களுக்கு வீடு வந்தா போதும்” என்றான்.

இதே அறையில் நின்றுதான் சொன்னான். சபை ஏற்றுக்கொண்டது. நம் மூத்த தோழர் மரியகுழந்தை அண்ணன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுநாள் காலை அந்தப் பேச்சு உள்ளூர் சேனலில் ஓடியது. அது என் கைபேசியிலிருந்து போனதுதான். அன்று சாயங்காலமே அவனை நீக்கினேன். ‘கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்தவனையே உடல, இவுருதான் தலைவரு’ என்று லைனில் பேசிக்கொண்டார்கள். தேர்தலில் நாம் ஜெயித்தோம். அந்த வெற்றியை இங்கே இருக்கிற யாரும் வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அதன்பிறகு லைன் ஜனங்கள் செய்ததற்கு நான் பொறுப்பல்ல. அவன் வாசலில் மேட்டு மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அவன் மனைவி அமலா குடத்தோடு வந்தால் குழாயை மூடிவிட்டு, அவள் போன பிறகு திறந்தார்கள். அவளோடு ஒரே ஞாயிற்றுப் பூசையில் பாடுகிற பெண்கள். இதையெல்லாம் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஜனங்களிடம் எனக்கு உள்ள நம்பிக்கை அப்போது இன்னும் கூடியது.

ஒரு மத்தியானம் இவான் என்னைத் தேடி வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். கோபம் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“ராஜண்ணா, லாரி டிரைவரு ரூபேஷ் எல்லாத்தையும் சொல்ட்டான். சாவிய உங்க கையாலயே வாங்கினானாம். மீட்டிங்ல சொல்றதுக்கு ஒத்துகினு இருக்கான். அதுக்கு முன்னால நீங்களே எழுந்து சொல்ட்டீங்கனா நல்லாருக்கும்ணா. உங்கள அசிங்கப்படுத்த எனக்கு இஷ்டமில்ல.”

கவனியுங்கள், அப்போதும் எனக்கு ஒரு வாய்ப்புத் தருகிறான். அத்தனை பட்டும் திருந்தாதவனை என்ன செய்வது? நாளைக்குச் சுரங்கத்துப் பழைய மில்லுக்குப் பின்னால் வா, ரூபேஷையும் கூட்டி வருகிறேன், மூன்று பேரும் உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று பேசுவோம் என்றேன். அவன் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மில்லுக்குப் பின்னால், சுரங்கத்துக்குள் காற்று இறங்க வெட்டிய பழைய காற்றுக் குழி ஒன்று உண்டு. அதன் மூடியை இரும்புத் திருடர்கள் பெயர்த்துப் போய்விட்டார்கள். அதன்மேல் தகரத்தை வைத்தது நான்தான். ஆடு மாடு விழுந்துவிடக் கூடாதே என்றுதான். தகரம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே மண்ணைத் தூவினேன். இவான் வந்தபோது நான் குழிக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். வெயில் கடுமையாக இருந்தது. “நேரா இங்க வாடா, நெழலு இருக்குது” என்று கூப்பிட்டேன். வந்தான்.

அவன் அடிவரைக்கும் போகவில்லை. உள்ளே பழைய மரச்சட்டம் ஏதோ தாங்கியிருக்க வேண்டும். அடியில் நிற்கும் தண்ணீர்வரை போயிருந்தால் இன்று நான் இவ்வளவு நேரம் பேச வேண்டியிருக்காது.

கொஞ்ச நேரத்தில், குழிக்குள் ஓடும் பழைய காற்றுக் குழாயைத் தட்ட ஆரம்பித்தான்.

ஏர் பிளாஸ்டில் பாறை வெடித்துச் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் காற்றுக் குழாயைக் கல்லால் தட்டுவார்கள். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். மேலே கேட்டவன் பதிலுக்கு அதேபோலத் தட்ட வேண்டும். பதில் வந்துவிட்டால் உள்ளே இருப்பவன் நிறுத்திவிட்டு, மூச்சைச் சேமித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இவான் ஒருநாளும் கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கியவன் அல்ல. ஆனாலும் நம் லைனில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்குமா?

நான் ஒரு கல்லை எடுத்து, குழி விளிம்பில் தெரிந்த குழாயில் மூன்று முறை தட்டினேன்.

உடனே நிறுத்திவிட்டான். முறை தெரிந்தவன். ஆட்களோடு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு இருட்டில் அமைதியாக உட்கார்ந்திருப்பான். நான் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மறுபடி ஆரம்பித்தான். அந்தக் குழாயின் மறுமுனை நம் மைதானத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகத்தான் மேலே வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஊழல் ஒழிப்பு வாரத்தை அடுத்த மாதம் நடத்துவதாக இருந்தோம். அதை அன்றைக்கே தொடங்கிவிடலாம் என்று நான் சொன்னபோது ஏன் இந்த அவசரம் என்று நம் கமிட்டியில் ஸ்டீவன் கேட்டான். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்றேன். ஒலிபெருக்கிகளைத் தொட்டியைப் பார்த்துக் கட்டச் சொன்னதும் நான்தான்.

உள்ளே வேலை பார்த்த பெரியவர்களைத் தேடித் தேடி மேடையில் உட்கார வைத்தேன். தட்டும் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் எழுந்து ஓடக்கூடியவர்கள் அவர்கள்தான். டிரில் பிடித்துப் பிடித்துக் காது போனவர்களும் அவர்கள்தான். மரியகுழந்தை அண்ணன் அன்று நேர்மையைப் பற்றி வெகுநேரம் பேசினார். அருமையான பேச்சு. அண்ணே, நான் இப்போது சொல்வதும் உங்களுக்குச் சரியாக விழாது. ஸ்டீவன் பிறகு காதோரம் சொல்லுவான்.

அமலா புருஷனைத் தேடிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். குடத்தைத் தொட்டி ஓரம் வைத்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். அப்புறம் மேடைக்கு ஓடி வந்தாள்.

“அண்ணா, மைக்க கொஞ்சம் நிறுத்துங்கண்ணா. கொழாயில யாரோ தட்றாங்க.”

“அது செட்டுல வர்ற எரச்சல்மா.”

“இல்லண்ணா, மூணு மூணா வருது. கும்புடறேண்ணா, ஒரு நிமிசம் நிறுத்துங்க.”

“நீ சாப்புட்டியா இன்னா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்குது. இங்க உக்காரு.”

அவளை முன்வரிசையில் உட்கார வைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தேன். செட்டுக்காரனிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். பிறகு மைக்கைப் பிடித்து, இவான் எங்கே ஒளிந்திருந்தாலும் வெளியே வந்து மக்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கை தட்டினீர்கள். அமலா சோடாவைக் குடிக்கவில்லை; பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு குழாய் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த நாளும் கூட்டம் நடந்தது. இடையிடையே தொட்டிப் பக்கம் கை கழுவப் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காதுக்குக் கேட்காவிட்டாலும் விரலுக்குத் தெரியும். மூன்று இரண்டாயிற்று. பிறகு ஒன்று. நன்றியுரை நடந்துகொண்டிருந்தபோது குழாய் சும்மா இருந்தது. நன்றியுரையைச் சுருக்கச் சொன்னேன். வாரம் முழுக்க என்று அறிவித்ததை ஏன் இரண்டாம் நாளே முடித்தீர்கள் என்று பலர் கேட்டீர்கள். அதற்கு இதுதான் காரணம்.

இரும்பு திருடப் போனவர்கள்தான் உடலைப் பார்த்தார்கள். இவனும் அதற்குத்தான் போயிருப்பான் என்று லைனே முடிவு கட்டியது. அதைக் கேட்ட ரூபேஷ் பிழைப்பைத் தேடி எங்கோ போய்விட்டான். பெட்டிமேல் முன்னணிக் கொடியைப் போர்த்த வேண்டும் என்று அமலா வந்து கேட்டாள். நீக்கப்பட்டவருக்குக் கொடி கிடையாது என்பது நம் விதி. ஒருவருக்காக விதியை வளைத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். முடியாது என்று சொன்னேன்.

நேற்று டீனா வீட்டுக்கு வந்தாள். அன்றைய கூட்டத்தை யாரோ செல்போனில் பிடித்திருக்கிறார்களாம். மரியகுழந்தை அண்ணன் தண்ணீர் குடிக்கிற இடத்தில் தட்டும் சத்தம் தெளிவாக விழுந்திருக்கிறதாம். “நீங்களே சுயவிமர்சனமா சொல்ட்டீங்கனா உள்ளயே முடிச்சிக்கலாம் சார். வர்ற எலெக்‌ஷனுக்கு உங்க பேரு அப்படியே இருக்கும்” என்றாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். நான் வளர்த்த பெண்.

ஆகவே சொல்லிவிட்டேன். இவானைக் கொன்றது நான். ஆத்திரத்தில் செய்யவில்லை, அவன்மேல் எனக்குப் பகையும் இல்லை. முன்னணி உடையாமல் இருந்தால்தான் லைன் மக்களுக்கு வீடு வரும் என்று அவனே ஒப்புக்கொண்டவன். பட்டா இன்னும் வரவில்லை. வரும். அந்தக் குழாய்ச் சத்தத்தை என்னைத் தவிர இன்னொருவர் கேட்கும்படி விட்டதுதான் என் பிழை. அதற்குச் சபையிடம் வருந்துகிறேன்.

இனி யாராவது எழுந்து, தோழர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஏன் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறீர்கள்? மனம் கனத்திருக்கும், எனக்குப் புரிகிறது. கடைசி வரிசையில் இருக்கும் இரண்டு பேரை எனக்குப் பழக்கமில்லை. பெங்களூர் கமிட்டி என்று டீனா சொன்னாள். முடியை ஒட்ட வெட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார்கள். கட்டுப்பாடு உள்ள பிள்ளைகள் முன்னணிக்கு வருவது சந்தோஷம். அவர்களுக்கு நடுவில் அமலா இருக்கிறாள். உறுப்பினர் இல்லாத பெண் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்றால் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். இதோ, அவர்களில் ஒருவர் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறார். விஷயம் வெளியே போய்விடக் கூடாது என்ற அக்கறை அவருக்கும் இருக்கிறது.