பெட்டி திறக்கவில்லை

— பச்சை விளக்கு எரியுது, ஒயர் சரியா இருக்கு, ரவுட்டரும் ஓடுது. உங்க கம்ப்யூட்டர் மட்டும் படமெல்லாம் சேத்து வெக்கிற இந்தப் பெட்டியைத் தெரியவே தெரியாதுன்னு சாதிக்குதே, எப்படி அத்தான்?

— அப்டேட் ஒண்ணு வந்துச்சு, சின்னு. அதுக்கப்புறம் திறக்கல.

— நாலு மாசமா இதே பாட்டு! அம்மா ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணி, "மாப்பிள்ளை, என் பொண்ணு பேசின வீடியோ ஒண்ணாவது அனுப்புங்க"ன்னு கெஞ்சறாங்க. அக்கா எடுத்த படம், வீடியோ, அவ குரல் எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. வேற எங்கயும் காப்பி கிடையாது.

— தெரியும்.

— தெரியுமாம்! தெரிஞ்சவர் ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டக்கூடாதா? லீவு போட்டு, ரெண்டு பஸ் மாறி நான் வரணுமா?

— வேலை இருந்துச்சு.

— நல்லா இருக்கு கதை. சுவத்துல அவ போட்டோ இல்ல. ஸ்டாண்டுல அவ செருப்பு இல்ல. "உங்க அத்தான் அவளைத் துடைச்சுப் போட்டுட்டார்டி"ன்னு அம்மா அழுதப்போ, அம்மாவைத்தான் திட்டினேன். என் புத்தியைச் சொல்லணும்.

— ம்.

— என்ன "ம்"? இருங்க, என் போன்லேர்ந்து பாக்கறேன். இதோ, பெட்டி வருது. அக்கா பேரைக் காட்டுது. அவ பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், போட்டா தப்புங்குது. அப்டேட்டாவது ஒண்ணாவது! யாரோ மாத்தியிருக்காங்க. யாரு, குட்டியா? அவளுக்கு ஏழு வயசு.

— நான்தான்.

— அப்போ புதுசைச் சொல்லுங்க.

— எனக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு, கையில பட்ட எழுத்தையெல்லாம் தட்டினேன்.

— அத்தான், எதையாவது தூக்கி அடிச்சிடப் போறேன்! ஒரு குண்டூசி குடுங்க. பின்னாடி சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும்.

— இல்ல.

— ஊக்கு? பேப்பர் கிளிப்?

— ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன்.

— ஒரு குண்டூசிகூட இல்லாம குடித்தனம்! போகட்டும், என் துப்பட்டா ஊக்கே போதும்.

— சின்னு, வேண்டாம்.

— கையை எடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பீப் கேட்டுச்சா? புது பாஸ்வேர்டு போட்டாச்சு. படமெல்லாம் அப்படியே இருக்கு. இது என்ன? ஒரே ஃபைலை நூத்தி எழுபது தடவை திறந்திருக்கு, பாஸ்வேர்டு மாத்தறதுக்கு முன்னாடி பத்து நாளுக்குள்ள. ஒரு நிமிஷம்கூட ஓடாத ஆடியோ.

— போடாதே.

— போடத்தான் போறேன்.

— "ஏங்க, ஆபரேஷன் முடிஞ்சு நான் வர்றதுக்குள்ள பெட்டி மக்கர் பண்ணினா, திருதிருன்னு முழிக்காதீங்க. பின்னாடி சின்ன ஓட்டை இருக்கு. குண்டூசியால நாலு எண்ற வரைக்கும் அழுத்துங்க. பாஸ்வேர்டு மட்டும்தான் போகும், நாங்கல்லாம் உள்ளேயே பத்திரமா இருப்போம். குட்டி, அப்பாவைப் பாத்துக்கடி."

— அத்தான், அப்போ இதைத் திறக்க உங்களுக்குத் தெரியும்.

— மனப்பாடம்.

— பின்னே ஏன்?

— குட்டியை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து இதைப் போடுவேன். ஒரு நாள் நிமிர்ந்து பாத்தா மணி ஆறரை. ஓடினேன். ஸ்கூல் கேட் பக்கத்துல, வாட்ச்மேன் நாற்காலில குட்டி உக்காந்திருந்தா. அழக்கூட இல்ல. "நீயும் செத்துட்டியோன்னு நினைச்சேம்பா"ன்னா. அன்னிக்குத்தான் மாத்தினேன்.

— அம்மாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். பெட்டியைக் கொண்டுபோய் அத்தைகிட்ட குடுத்துடு. அந்த ஊக்கையும் மறக்காம எடுத்துட்டுப் போ.