தொலைந்ததும் கிடைத்ததும்

பழைய வலைத்தளத்தில் ‘முகப்பு’ என்ற பொத்தானை அழுத்தினால் முகப்புக்குப் போகாது. என்றைக்கோ நடந்த விளையாட்டு விழாப் படம் ஒன்றுக்குப் போகும். அதில் யாரோ ஒருவர் கயிறு இழுத்துக்கொண்டிருப்பார், முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கும். மாணவர் சங்கத்தின் வலைத்தளம் என் கைக்கு வந்தபோது இருந்த லட்சணம் அதுதான். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும், சார்.

இந்த வாக்குமூலத்தை நானேதான் தட்டச்சு செய்வேன் என்று அடம்பிடித்ததற்கு மன்னிக்கவும். உங்கள் ஆள் தங்கமானவர், ஆனால் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகிறார். பார்க்கவே எனக்குக் கை பரபரத்தது. நீங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை வாசிக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சோடா எங்கே. என் அறைத்தோழன், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன், இப்போது ஊரே தேடுகிறவன். சொல்லத்தான் போகிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் நன்றாக இருக்கும், நடுவிலிருந்து பிய்த்துக் கொடுத்தால் ருசிக்காது.

சங்கத் தலைவி என்னைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தபோது சொன்னாள்: “நம்ம சைட்டுக்கு வர்றதே நீயும் நானும்தான். அதுலயும் நான் பாஸ்வேர்டு மறந்துபோய்தான் அடிக்கடி வர்றேன்.”

விழுந்து விழுந்து வேலை செய்தேன். நிறத்தை மாற்றினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், கைபேசியில் திறந்தால் பக்கம் ஓரத்தில் ஒழுகிப்போகாதபடி கட்டிவைத்தேன். வகுப்பு அட்டவணை, பேருந்து நேரம், எந்த மன்றத்தில் என்றைக்குக் கூட்டம், எல்லாம் போட்டேன். ஒரு ஜீவன் எட்டிப்பார்க்கவில்லை. நானும் சோடாவும் சங்க அறையில் உட்கார்ந்து ஈ ஓட்டினோம். நாங்களே மாறி மாறித் திறந்து எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டோம், அதற்கும் ஒரு அளவு இருக்கிறதே.

அப்போதுதான் சோடாவின் கண்ணாடி தொலைந்தது. நிஜமாகவே தொலைந்தது, அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. ‘தொலைந்ததும் கிடைத்ததும்’ என்று ஒரு பக்கம் இடத்தை அடைக்கப் போட்டு வைத்திருந்தேன், அதில் போட்டேன். கண்ணாடி இல்லாத சோடா சுவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடந்தான். தோட்டக்காரர் குழாயடியில் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். அதை மாட்டிக்கொண்டு எங்களையெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தானே, அந்த முகத்தைப் படம் பிடித்துப் போட்டேன். கல்லூரியே பார்த்தது. யார் யாரோ வந்து கருத்து எழுதினார்கள், தோட்டக்காரருக்கு வாழ்த்து குவிந்தது. எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. சங்க அறையில் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினேன், சோடா கீழே நின்று தாளம் போட்டான்.

ஒரு பொருள் கையில் இருக்கும்போது அதை யார் மதிக்கிறார்கள்? போய்த் திரும்பி வந்தால்தான் மதிப்பு. இது எனக்கு அன்றைக்குப் புரிந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் பிள்ளைகள் மறுபடி தொலைக்கவேண்டுமே. ஒருவரும் தொலைக்கவில்லை. ஒரு குடை வந்தது, அதையும் சொந்தக்காரனே அன்று மாலை கண்டுபிடித்துவிட்டான். இந்தத் தலைமுறை இவ்வளவு பொறுப்பாக இருக்கும் என்று யார் எதிர்பார்த்தது? பக்கம் மறுபடி காற்று வாங்கியது.

ஆகவே நான் கொஞ்சம் உதவினேன். ‘திருடினேன்’ என்று போடச்சொல்லி உங்கள் ஆள் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கிறார். திருடுகிறவன் வைத்துக்கொள்வான். நான் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன், அதுவும் புதிதாக வாங்கியதைவிட அருமையாகத் தோன்றும்படி. முதலில் ஒரு கால்குலேட்டர். பிறகு விடுதி வாசலில் கழற்றிவைத்த செருப்புகளில் இடதுகால் மட்டும். அந்த வாரம் பாதி விடுதி நொண்டிக்கொண்டு சிரித்தது, என் பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. எல்லாம் ஒரே நாளில் மாடிப்படியில் ஜோடி ஜோடியாகக் கிடைத்தபோது ஒரு திருவிழாவே நடந்தது.

சின்னப் பொருளுக்குச் சின்னச் சந்தோஷம்தான் வரும். அது கணக்கு. நூலகத்து அம்மாவின் கைக்கடிகாரம், அது இறந்துபோன கணவருடையதாம், கிடைத்தபோது அவர் அழுத அழுகையில் நானும் அழுதுவிட்டேன். காது கேளாத பேராசிரியரின் காதுக்கருவி. அப்புறம் தேர்வு நாள் காலையில் ஒரு பெண்ணின் அனுமதிச்சீட்டு. மணியடிக்கும் சமயத்தில் அது கிடைத்தது, அவள் காவலாளியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அந்தப் படம் எங்கெங்கோ போயிற்று. இன்னொருத்தி விஷயத்தில் கொஞ்சம் பிந்திவிட்டது. அவள் அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம்.

“சோடா எங்கடா? அதைச் சொல்லு முதல்ல,” என்கிறீர்கள். அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன், சார்.

கல்லூரிகளுக்கு இடையே சிறந்த சங்க வலைத்தளத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். தலைவிக்குக் கால் தரையில் படவில்லை. “இந்த தடவை ஏதாவது பெரிசா செய்யணும்,” என்றாள். அவள் எனக்குத் தனியாக எதுவும் சொல்லவில்லை, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், பாவம் அவள் மேல் ஒன்றும் இல்லை. பெரிது என்றால் என்ன? கடிகாரத்தைவிடப் பெரிது எது? நான் கட்டிலில் படுத்திருந்தேன், எதிர்க் கட்டிலில் சோடா வாயைத் திறந்துகொண்டு படித்துக்கொண்டிருந்தான். பளிச்சென்று தோன்றிவிட்டது. சிரிப்பை அடக்கமுடியவில்லை, தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவனிடம் மறைக்கவில்லை. “டேய், நீ ரெண்டு நாள் காணாமப் போற. நான் உன்னைக் கண்டுபிடிக்கிறேன். காலேஜே உன்னைத் தூக்கிவெச்சுக் கொண்டாடும்,” என்றேன்.

“எனக்கென்னடா, ஜாலிதான். அம்மாதான் பயந்துடுவாங்க.”

“அம்மாகிட்ட நான் முன்னாடியே சொல்லிடறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமாடா.”

நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். சொல்லியிருந்தால் அவர் அழுதிருக்கமாட்டார். அம்மாவே அழவில்லை என்றால் ஊரில் யார் தேடுவார்கள்?

அவன் தண்ணீர்ப் பாட்டில், பிஸ்கட், டார்ச், இரண்டு துப்பறியும் நாவல் எல்லாம் பைக்குள் அடுக்கிக்கொண்டு சுற்றுலா போவதுபோலக் கிளம்பினான். கதவருகே வந்ததும் கைபேசியை நான் வாங்கிக்கொண்டேன், அது இருந்தால் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே அவன் போனதும் வெளியே பூட்டினேன். பூட்டாவிட்டால் நடுவில் சலித்து எழுந்து வந்துவிடுவான், அவனுக்குப் பொறுமை கம்மி.

நான் செய்த ஒரே தப்பு அவசரம்தான். அவன் கிளம்பும் முன்பே ‘சோடாவைக் காணவில்லை’ என்று போட்டுவிட்டேன், என்னால் காத்திருக்க முடியவில்லை. போகிற வழியில் அந்தப் பயல் அம்மாவுக்குப் போன் செய்து சாப்பிட்டாயா என்று விசாரித்திருக்கிறான். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்: “தம்பி, நீ காணோம்னு போட்ட நேரத்துக்கு அப்புறம்தானே அவன் எங்கிட்ட பேசினான்?” எழுதப்படிக்கத் தடுமாறுகிறவர், நேரத்தை மட்டும் எப்படித்தான் பார்த்தாரோ. அவர் சொல்லித்தான் நீங்கள் என்னை அழைத்துவந்தீர்கள், அது எனக்குத் தெரியும். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் அந்த நாட்கள் இருக்கின்றனவே, சார். எங்கள் தளத்துக்கு அப்படி ஒரு கூட்டம் அதற்குமுன் வந்ததில்லை. சர்வர் படுத்தது, எழுப்பினேன், மறுபடி படுத்தது. பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலிருந்தெல்லாம் வந்து தேடினார்கள். எல்லாரும் ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடினார்கள், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உடனே ஒரு வரைபடம் செய்தேன். தேடி முடித்த இடத்தைத் தொட்டால் பச்சையாகிவிடும், அடுத்தவர் அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் செய்ததிலேயே அழகான வேலை அதுதான். உங்கள் ஆட்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேடினார்கள், பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கலையரங்கத்தை நானே முதல் ஆளாகப் பச்சையாக்கினேன்.

அவன் அம்மாவும் தளத்துக்கு வந்தார். கருத்து எழுதத் தெரியாது என்றார். போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்: “கீழ ஒரு அம்புக்குறி இருக்கு பாருங்கம்மா, அதை அமுக்குங்க.” அவர் எழுதினார்: ‘கண்ணு அம்மாவுக்கு கோபம் இல்ல வந்துடு.’ அதற்குக் கீழே எத்தனை ஆயிரம் இதயங்கள். இரண்டு நாளில் கதவைத் திறப்பதாகத்தான் இருந்தேன். நீங்களே சொல்லுங்கள், அப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது யாருக்கு மனசு வரும்? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போயிற்று. எனக்குப் பசியே இல்லை, தூக்கமே இல்லை, உடம்பெல்லாம் லேசாகிப் பறப்பதுபோல இருந்தது.

அவனை நான் தனியாக விட்டுவிடவில்லை. போய் கதவில் வாயை வைத்து அன்றைய எண்ணிக்கையைச் சொல்வேன். அவன் உள்ளிருந்து தட்டுவான். எவ்வளவு உற்சாகமாகத் தட்டுவான் தெரியுமா, இரண்டு கையாலும். நான் கிளம்பும்போதும் தட்டிக்கொண்டே இருப்பான். அரங்கத்தில் கூரை வேலை செய்கிறவர்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது இல்லாவிட்டால் உள்ளே விளக்கு எரியாது, காற்று இழுக்கும் விசிறியும் ஓடாது. டார்ச்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

என் தோளைப் பிடித்து உலுக்கவேண்டாம் சார், எழுத்துப் பிழை வருகிறது. சொல்லிவிட்டேன் பாருங்கள், கலையரங்கம்தான். மேடைக்குப் பின்னால், சாய்த்துவைத்த திரைச்சீலைப் பலகைகளுக்கு அந்தப்பக்கம், சங்கத்தின் பழைய வானொலி அறை. சத்தம் வெளியே போகாதபடி சுவரெல்லாம் பஞ்சு வைத்துக் கட்டியது, கதவில் காதை ஒட்டினால்தான் கேட்கும். சாவி உங்கள் மேசையில்தான் இருக்கிறது, என் பையிலிருந்து எடுத்த கொத்தில் பச்சை நூல் கட்டியது.

நீங்கள் ஓடிவிட்டீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவும் செருப்பை விட்டுவிட்டு உங்கள் பின்னால் ஓடுவது ஜன்னலில் தெரிகிறது. நல்லதுதான், அவர்தான் கதவைத் திறக்கவேண்டும், அந்த முகத்தை யாராவது படம் பிடித்தால் போதும். ஒரே ஒரு விஷயம் சொல்வதற்குள் போய்விட்டீர்கள், உங்கள் ஆளிடம் சொன்னால் அவர் வெறுமனே என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கதவைத் திறந்ததும் சோடா எழுந்து வராவிட்டால் யாரும் பயப்படவேண்டாம் என்று சொல்லுங்கள். நேற்று காலையிலிருந்து அவன் தட்டுவதில்லை. கோபம் வந்தால் அவன் அப்படித்தான், என்னோடு பேசமாட்டான்.