எல்லையை அக்கரைக்குக் கொண்டுபோன பூசாரி

கொள்ளிடத்துக்கு நடுவுல நாணல்திட்டுன்னு ஒரு ஊரு. பாலம் வராத காலம், பரிசல்லதான் போக்குவரத்து. அந்தக் காலத்துல அங்க மாரியம்மன் கோயில் பூசாரியா செங்கமலைன்னு ஒருத்தர் இருந்தாராம். சாமிகிட்டகூட அதட்டித்தான் பேசுவாராம், அப்புடி ஒரு ஆளு.

ஒரு ஆடி மாசம் திருவிழாவுக்குக் காப்பு கட்டியாச்சு. கட்டிட்டா, திருவிழா முடியிற வரைக்கும் ஒருத்தரும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. அந்த நேரம் பாத்துத்தான் காத்தாயி மக வெள்ளச்சிக்குக் காய்ச்சல் வந்துச்சு. வயசுக்கு வந்து வருஷம் திரும்பாத புள்ள. புருஷன் இல்லாத காத்தாயிக்கு அது ஒண்ணுதான்.

உடம்புல அங்கங்க கொப்புளம். செங்கமலை வந்து பாத்தாரு. "ஆத்தா வந்துருக்கா தாயி. மருந்து கிருந்து குடுத்துறாத"ன்னு சொல்லி, வாசல்ல வேப்பிலையச் சொருகிட்டுப் போயிட்டாரு. அவரு சொன்னா அதுக்கு மேல பேச்சே கிடையாதாம்.

மறுநா தீர்த்தம் குடுக்கப் போனாரு. புள்ளைக்கு மூச்சு இழுக்குது. விலா ரெண்டும் உள்ள போயி உள்ள போயி வருது. உதடு நீலம் பாஞ்சிருக்கு. கூப்புட்டா முழிக்குது, ஆளத் தெரியல. எத்தனையோ அம்மை பாத்தவரு, இப்புடி ஒரு மூச்சப் பாத்ததில்ல. போர்வைய விலக்குனாரு. குதிகால்ல முள்ளு குத்துன எடம் சீழ் கோத்து, செவந்து வீங்கிக் கெடக்கு. அத நேத்தே பாத்திருக்கணும். கொப்புளத்தப் பாத்ததுமே அம்மைன்னு முடிவு பண்ணிட்டாரு.

"அண்ணே, ஆத்தா எறங்கிருவாளா?"ன்னு காத்தாயி கேட்டா. அவரு எந்திரிச்சு வெளிய வந்தாரு.

அக்கரையில தருமாஸ்பத்திரி இருக்கு. ஆனா பரிசக்காரன் துடுப்பத் தொட மாட்டான். தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னா ஊரு கூடி உக்காந்து பேசும். பேசி முடிக்கிறதுக்குள்ள புள்ள போயிரும். கோயிலுக்கு நடந்தாரு, உக்காந்தாரு, எந்திரிச்சாரு. நேரா உள்ள போயி கரகத்த எடுத்துத் தலையில வச்சாரு. மேளமில்ல, உடுக்கையில்ல.

கரகம் கெளம்புனா ஊரு பின்னால வந்துதானே ஆகணும்? காத்தாயி வாசல்ல நின்னு, புள்ளையத் தூக்குங்கன்னாரு. தூக்குனாங்க. ஆத்தங்கரையில நாட்டாமை குறுக்க நின்னாரு.

"எல்ல முடியுது பூசாரி."

"ஆத்தா போற எடமெல்லாம் எல்லதான். வழிய விடு."

வெள்ளத்துல பரிசல் சுத்துது. ஒரு கையில கரகத்தப் புடிச்சிக்கிட்டு, ஒரு கைய புள்ள மூக்குக்கிட்டயே வச்சிருந்தாராம். மூச்சு வருது. வரல. வருது. நான் பொய் சொல்றேன் தாயே, என்னைய எடுத்துக்க, புள்ளைய விட்டுருன்னு உள்ளுக்குள்ளயே கும்புட்டாராம்.

கால்ல வச்ச சீழு ரத்தத்துல கலந்து நெஞ்சுல எறங்கிருச்சுன்னாரு டாக்டரு. பென்சிலின் ஊசி வந்த புதுசு. அதப் போட்டு, நெஞ்சுல கோத்த சீழையும் எடுத்தாங்க. புள்ள கண்ணத் தொறந்து பெத்தவளத் தேடுற வரைக்கும் செங்கமலை கரகத்தோட ஆஸ்பத்திரி வேப்பமரத்தடிய விட்டு நகரல. நகந்தா எல்ல போயிருமே.

வெள்ளச்சி பொழச்சா. வேகமா நடந்தா மட்டும் கடைசி வரைக்கும் மூச்சு வாங்குமாம். செங்கமலை வயசாகிப் படுத்த படுக்கையா கெடந்தப்ப அவதான் கேட்டாளாம், "மாமா, அன்னிக்கி ஆத்தா நெசமாவே போகச் சொன்னாளா?"

"சொல்லல தாயி. தடுக்கவும் இல்ல."

கரகம் நின்ன எடம்னு ஊரே சேந்து நட்ட நாணல்திட்டோட எல்லக்கல்லு இன்னிக்கும் அந்த ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியிலதான் நிக்கிது. பாலம் வந்த பொறகும், காப்பு கட்டுன அன்னிக்கே கரகம் பரிசல்ல ஏறி அங்க போயிட்டு வரும். புள்ளைக்கு மூச்சு வாங்குதுன்னா யாரும் யாரையும் கேக்குறதில்ல, தூக்கிட்டு ஓடுவாங்க. எல்ல அங்கதானே இருக்கு.